கேக்கில் எழுதக் கூடாத பேர்

“எத்தினை எழுத்து எண்டாவது சொல்லன் தம்பி. இடம் விடவேணுமெல்லே?” என்று பவளராணி அக்கா கேட்டார்.

சுஜிந்தன் யோசித்தான். எழுத்தின் எண்ணிக்கையைச் சொல்வது பேரைச் சொல்வதாகாது. நியாயமாகப் பார்த்தால் அது வெறும் இலக்கம்.

“ரண்டு, அக்கா.”

“ரண்டெழுத்தோ? அறுபது பேருக்கு வெட்டிற கேக்கிலை ரண்டெழுத்தோ?” அக்கா கிறீம் பையைக் கீழே வைத்துவிட்டார். “பிள்ளை அனுஷ நட்சத்திரமெல்லே? அப்ப ‘ந’விலை, ‘நி’யிலை வரவேணும். நிலாவோ?”

“இல்லை.”

“நிதி?”

“இல்லை அக்கா.”

“அப்ப நிஷா. கடவுளே, ஊரெல்லாம் நிஷாவாக் கிடக்கு. நீங்களுமோ?”

இதைத்தான் சுஜிந்தனால் தாங்க முடியவில்லை. ஒருவரும் வைக்காத பேர் ஒன்றைத் தேடி மனைவி மேனுஜா எட்டு மாதம் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் அவன். அவளைப் போய் நிஷா வைக்கிற கூட்டத்தில் சேர்ப்பதா?

“சீச்சீ! இது அயர்லாந்துப் பேர் அக்கா. நீவ். ‘ஒளி’ எண்டு அர்த்தம். டென்மார்க்கிலை ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் இல்லை.”

சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்தினான்.

“நீவோ? வயித்தை நீவிற மாதிரிக் கிடக்கு. பரவாயில்லை, வடிவாய்த்தான் இருக்கு.”

“அக்கா, இது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சனிக்கிழமை வரைக்கும்.”

“நான் ஏன் தம்பி சொல்லப்போறன்?” என்றபடி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியைத் தேடினார்.

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்துத் தமிழரின் விசேஷங்களுக்கெல்லாம் கேக் போடுகிறவர் பவளராணி அக்காதான். கேக்கைப் போய் எடுக்கவேண்டும். செய்தியை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். அதனால்தான் மேனுஜா கணவனை அனுப்பும்போதே, “பேர் எழுத வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ரண்டு நிமிசத்துக்கு மேலை அங்கை நிக்காதேங்கோ” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சுஜிந்தன் நின்றது முக்கால் மணி நேரம்.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், பிறப்புத் தீட்டான துடக்குக் கழித்துப் பேர் சொல்லுவது பழைய வழக்கம். அதுவரைக்கும் பேரை மூச்சுவிடக் கூடாது என்பது ரண்டர்ஸில் புதிதாக வந்த வழக்கம். அதற்குச் சாத்திரம் காரணமில்லை, களவுப் பயம்தான் காரணம். எல்லாருக்கும் ஒருவரிடமும் இல்லாத பேர் வேண்டும். அப்படிப்பட்ட பேர் ஒன்று கிடைத்தால் உடனே எல்லாருக்கும் அது வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் மேனுஜா மூத்தவனுக்குக் ‘கியரன்’ என்று ஒரு பேரைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சுஜிந்தன் அதைத் தன் அண்ணன் றொஜிதனிடம் மட்டும், ஆசையில், சொன்னான். றொஜிதனின் மனைவி மிதுஷா நாலு நாள் முந்திப் பெற்றாள். அண்ணன் மகன் கியரனானான். தன் மகனுக்கு அவசரத்தில் சாருஜன் என்று வைத்தான் சுஜிந்தன்.

மேனுஜா சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் ஒரு கிழமையில் ஆறியிருக்கும். அவள் அதற்குப் பிறகு அவனிடம் எதையும் முதலில் சொல்லாமல் விட்டாள். அவள் வேறொரு மருந்தகத்துக்கு வேலை மாறியதைக்கூட அவன் மாமனார் சொல்லித்தான் அறிந்தான். ஊர்ப் புதினம் முழுக்கத் தெரிந்தவனுக்குச் சொந்த வீட்டுப் புதினம் கடைசியாக வந்து சேர்ந்தது. அது அவனுக்கு எவ்வளவு வலித்தது என்பதைப் பலரிடம் சொல்லியும் இருக்கிறான்.

ஆனால் இந்த முறை மகள் பிறந்த அன்று வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி மேனுஜா அவனைக் கிட்டக் கூப்பிட்டாள். காதுக்குள் சொன்னாள்: “நீவ். உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.” சுஜிந்தன் வெளியே வந்து அழுதான். மகள் பிறந்த சந்தோஷத்தில் அழுகிறான் என்று தாதிமார் நினைத்தார்கள். பாதி அதற்குத்தான்.

அந்த நம்பிக்கையைத்தான் அவன் இப்போது கிறீம் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

சுஜிந்தன் நகரப் பேருந்துச் சாரதி. கதைக்காமல் இருக்கத் தெரியாத மனிதனுக்கு, சாரதியோடு கதைக்க வேண்டாம் என்று எழுதிவைத்த இடத்தில் வேலை. அன்று மத்தியானம் பேருந்தை நிலையத்தில் விட்டுவிட்டுப் பாணைக் கடித்த நேரத்தில் தொலைபேசி அடித்தது.

“தம்பி, ஒரு சின்ன விசயம்,” என்றார் பவளராணி அக்கா. “மிதுஷாவுக்குத் தற்செயலாய்த் தெரிஞ்சு போச்சு.”

“தற்செயலாவோ? எப்பிடி அக்கா?”

“நான் அடிச்சன். அவள் தற்செயலாய் எடுத்திட்டாள்.”

சுஜிந்தன் பாணைக் கீழே வைத்தான்.

“அவளுக்கும் நல்லாப் பிடிச்சிருக்காம் தம்பி. அவளுக்கும் பொம்பிளைப் பிள்ளைதானே, இந்தக் கிழமை பெறுகிற திகதி. எனக்கென்னவோ மனசுக்கு ஒரு மாதிரிக் கிடந்தது, அதுதான் சொன்னனான்.”

வேலை முடிந்ததும் சுஜிந்தன் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனான். மிதுஷா சமையலறையில் வயிற்றின் மேல் தொலைபேசியை வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் ஆறு வயதுக் கியரன் கறுப்புப் பாணைத் தின்றுகொண்டிருந்தான்.

“அண்ணி, அந்தப் பேரின்ரை உண்மையான அர்த்தம் உங்களுக்குத் தெரியுமோ?”

“‘ஒளி’ எண்டு போட்டுக் கிடக்கு.”

“நெட்டிலை நல்லதை மட்டும்தான் போடுவினம். எனக்கொரு அயர்லாந்துக்காரனைத் தெரியும்,” என்றான், வாழ்நாளில் ஒரு அயர்லாந்துக்காரனையும் கண்டிராத சுஜிந்தன். “அங்கை வயசுபோன கழுதையளுக்குத்தான் நீவ் எண்டு பேர் வைக்கிறதாம்.”

“அப்ப ஏன் நீங்கள் பிள்ளைக்கு வைக்கிறியள்?”

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“அது அண்ணி... அயர்லாந்துப் பேரெல்லாம் அப்பிடித்தான். வெளியிலை பாத்தால் வடிவு, உள்ளுக்கை வேறை. நம்பாட்டி எந்தப் பேரையும் போட்டுப் பாருங்கோ. இந்தா, கியரன். போட்டுப் பாருங்கோ!”

வாய்க்கு வந்த உதாரணம் அது. மிதுஷா தட்டினாள். வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

“‘சின்னக் கறுவல்’,” என்றாள் மெதுவாக.

பிறகு கியரனைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆறு வருசமாய் என்ரை பிள்ளையை நான் கறுவல் கறுவல் எண்டோ கூப்பிட்டிருக்கிறன்?”

கறுப்பென்றால் என்ன குறை என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்தச் சமையலறையில் இருந்த மூன்று பேரும் நல்ல கறுப்பு.

“மேனுஜாவுக்கு இது அப்பவே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் எங்களை எடுக்க விட்டவள்!”

“ஐயோ அண்ணி, நீங்கள்தானே அதைக் கள...” என்று தொடங்கிய சுஜிந்தன் மிச்சத்தை விழுங்கினான்.

கியரன் டேனிஷில் இன்னும் கொஞ்சம் பால் கேட்டான். பாலை ஊற்றும்போது அதன் வெள்ளையைப் பார்த்து மிதுஷாவுக்கு இன்னும் அழுகை வந்தது.

செவ்வாய்க்கிழமை விடியும்போது, அயர்லாந்துப் பேர்களின் உள் அர்த்தம் தெரிந்த ஒரே தமிழன் சுஜிந்தன் என்று ஊர் முடிவு செய்திருந்தது. பேருந்து நிற்கிற இடமெல்லாம் தொலைபேசி வந்தது. வேறு வழியில்லாமல் அவனும் ஒரு பேர்ப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொன்னான். கெவினுக்கு ‘வடிவாய்ப் பிறந்தவன்’ என்றான். “நீ மறைக்கிறாய் தம்பி, பரவாயில்லை, கெட்டதைச் சொல்லு” என்றார் கெவினின் அம்மா. கொனருக்கு ‘நாய்களில் அன்புள்ளவன்’ என்றான். இரண்டு வருடமாக நாய் வாங்கித் தர மறுத்துவந்த கொனரின் அப்பா பின்னேரம் திருப்பி எடுத்து, “என்ன வேலை செய்தனீர்? இப்ப பேரிலையே கிடக்கு எண்டு அவன் என்னோடை வழக்குப் பேசுறான்” என்று கத்தினார்.

ஆனால் அந்தப் பட்டியல் சுஜிந்தனுக்கு ஒரு வழியையும் காட்டியது. மிதுஷாவிடமிருந்து நீவைப் பறிப்பதை விட, அதைவிட நல்ல பேர் ஒன்றைக் கையில் கொடுப்பது சுலபம். பேருந்து புறப்பட ஒரு நிமிடம் இருக்கும்போது ‘மேவ்’ என்ற பேர் கண்ணில் பட்டது. முதல் வரி: ‘அரசி ஒருத்தியின் பெயர்.’ அது போதும். உடனே அண்ணிக்கு அடித்தான்.

“அரசியோ?” என்றாள் மிதுஷா. குரல் கொஞ்சம் இளகியிருந்தது. “கழுதை இல்லைத்தானே?”

“தனி அரசி, அண்ணி. ஆர் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்லலாம்.”

அன்று முழுக்கச் சுஜிந்தன் பாட்டுப் பாடிக்கொண்டு பேருந்து ஓட்டினான்.

புதன்கிழமை காலை கெனடி அண்ணை தொலைபேசி எடுத்தார். அவர் தமிழ் மன்றத்தின் தலைவர். சனிக்கிழமைக்கு எடுத்திருந்த மண்டபத்தின் திறப்பு அவருடைய காற்சட்டைப் பையில் இருந்தது. அறுபதுகளில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் கொஞ்சப் பேருக்குப் அயர்லாந்து வம்சத்து அமெரிக்க ஜனாதிபதியைப் பத்திரிகையில் பார்த்து அப்பாமார் வைத்த பேர் அது. அண்ணைக்கு அதில் பெரிய பெருமை.

“தம்பி, ஊருக்கெல்லாம் சொல்லுறியாம். என்ரை பேருக்கு என்ன?”

சுஜிந்தன் பட்டியலைப் பார்த்தான். “‘தலைக்கவசம்’ எண்டு கிடக்கு அண்ணை.”

“தலைக்கவசம்! போர்வீரர் போடுறது! நான் அப்பவே நினைச்சனான், வெறும் பேராய் இராதெண்டு,” என்று அண்ணை சிரித்துக்கொண்டு வைத்தார்.

பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்தார். இந்த முறை சிரிப்பில்லை.

“மகள் ரண்டாவது வரியையும் வாசிச்சவள் தம்பி. ‘வடிவில்லாத தலை’ எண்டு கிடக்காம்.”

கெனடி அண்ணையின் தலையில் முடி நின்ற காலம் ரண்டர்ஸில் எவருக்கும் ஞாபகமில்லை. ஆடி மாதத்திலும் கம்பளித் தொப்பியோடு திரிகிற மனிதர். அவருக்கு முன்னால் தலைவலி என்றுகூட ஒருவரும் சொல்வதில்லை.

“அது சில பேற்றை கருத்து அண்ணை.”

“உன்ரை கருத்தென்ன?”

சரியான பதில் இல்லாத கேள்விகள் சில உண்டு. அதற்கும் ஒரு பிழையான பதிலைச் சுஜிந்தன் கண்டுபிடித்தான்.

“எனக்கு உங்கடை தலையிலை ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை.”

“சனிக்கிழமை மண்டபத்திலை தண்ணிக் குழாய் திருத்த வேணும்,” என்றார் அண்ணை. “வேறை இடம் பார்.”

அறுபது பேருக்குச் சொல்லியாயிற்று. கேக் சொல்லியாயிற்று. சுஜிந்தன் கத்தினான்: “அண்ணை, அண்ணை, வைச்சிடாதேங்கோ! சனிக்கிழமை மேடையிலை பிள்ளையின்ரை பேரை அறிவிக்கிறதே நீங்கள்தான். உங்களைத்தான் நினைச்சு வைச்சிருக்கிறம். தலைமை தாங்கி.”

“தலைமையுரையோடையோ?”

“உரையோடைதான்.”

“அப்ப குழாயைப் பிறகு பாப்பம். பேரைச் சொல்லு, உரை எழுதவேணும்.”

“பேர் அண்டைக்குத்தான்...”

“பேர் தெரியாமல் என்னத்தை எழுதிறது? குழாயைப் பற்றியோ?”

சுஜிந்தன் சொன்னான். அரை மணி நேரத்தில் மன்றத்தின் வைபர் குழுவில் சனிக்கிழமை நிகழ்ச்சி நிரல் வந்தது. ஐந்தாவதாக: ‘செல்வி நீவ் அவர்களுக்குப் பெயர் சூட்டல், தலைமையுரை: திரு. கெனடி.’ நூற்று நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து மேனுஜா அந்தக் குழுவைத் திறப்பதில்லை என்பது ஒன்றுதான் மிச்சமிருந்த ஆறுதல்.

மத்தியானம் மிதுஷா எடுத்தாள்.

“மேவுக்கு ரண்டாவது வரி வாசிச்சனீங்களோ?”

சுஜிந்தன் வாசிக்கவில்லை. அந்தக் கிழமை அவனுக்கு வந்த ஆபத்தெல்லாம் இரண்டாவது வரியில்தான் இருந்தது.

“‘வெறியாக்கிறவள்’! அப்பா மூண்டு வருசமாய்க் குடியை விட்டிட்டு இருக்கிறார். பேத்தியின்ரை பேரைச் சொன்ன உடனை சந்தோசத்திலை தேடிப் பாத்திட்டு, வைச்சிட்டார். திருப்பி எடுத்தால் எடுக்கிறாரில்லை.”

“அண்ணி, நான் அரசியைத்தான்...”

“போதும் சுஜி. உங்கடை பிள்ளைக்கு ஒளி, என்ரை பிள்ளையளுக்குக் கறுவலும் வெறியுமோ? நான் நீவ்தான் வைக்கப்போறன். கழுதையின்ரை பேரெண்டாலும் வைப்பன். பிள்ளை பிறந்த கையோடை பதியிறனோ இல்லையோ பாருங்கோ.”

பின்னேரம் சுஜிந்தன் வீட்டுக்குள் நுழைந்தபோது மேனுஜா மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குத் தகப்பனின் மூக்கு. வாய் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. தன்னுடையதாக இருக்கக் கூடாது என்று அவன் மனதார வேண்டிக்கொண்டான்.

“கேக் எல்லாம் சரிதானே?”

“ஓம்.”

“பேர் சொல்லேல்லைத்தானே?”

“சீச்சீ.”

“எனக்குத் தெரியும், நீங்கள் சொல்லமாட்டியள்,” என்று மேனுஜா சிரித்தாள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. சுஜிந்தன் சாப்பிடாமல் புட்டைக் கிளறினான். இப்போது சொல்லிவிடலாம் என்று நாலு தரம் வாயைத் திறந்தான். ஊர் முழுக்கச் சொல்லத் தெரிந்த வாய்க்கு அந்த ஒரு ஆளிடம் மட்டும் சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. ‘வைத்தியசாலையிலை நிக்கிறம். தொடங்கிட்டுது.’

சுஜிந்தன் தன் வேலை முறையை இன்னொருவனுக்கு மாற்றிவிட்டு ஓடினான். இந்த நாட்டில் பிள்ளை சைவமோ கிறிஸ்தவமோ, பேரைப் பதிவது தேவாலய அலுவலகத்தில்தான். மிதுஷா பெறுவதற்கு முன் நீவ் என்று ஒரு பதிவு, திகதியோடு, கையில் இருக்கவேண்டும். அதை மேனுஜாவின் காலடியில் வைத்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, ‘ஆனால் இந்த முறை பேரை விடவில்லை’ என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வசனத்தைச் சொல்ல முடிந்தால் போதும் என்று அவனுக்கு இருந்தது.

அலுவலகத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கணினிக்குப் பின்னால் இருந்தாள். மேசையில் பிர்கிட் என்ற பேர்ப் பலகை. மூன்று நாள் பழக்கத்தில் சுஜிந்தனின் வாய் தானாகத் திறந்தது.

“உங்கள் பேரும் அயர்லாந்திலிருந்து வந்ததுதான்,” என்றான் டேனிஷில். “‘உயர்ந்தவள்’ என்று அர்த்தம்.” சொல்லிவிட்டு அவசரமாக, “நான் இரண்டாவது வரியும் வாசித்திருக்கிறேன். அதிலும் ஒன்றும் கெட்டதில்லை” என்று சேர்த்தான்.

பிர்கிட்டின் முகம் மலர்ந்தது. “அப்படியா? சுத்த டேனிஷ் பேர் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தேன். உயர்ந்தவளா! இதை என் கணவரிடம் சொல்லவேண்டும். உங்களுக்கு என்ன செய்யவேண்டும், சொல்லுங்கள்.”

“மகளுக்குப் பேர் பதியவேண்டும். இப்போதே.”

பிள்ளையின் பிறப்பு இலக்கத்தைச் சொன்னான். அவள் தட்டினாள். திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“பேர் பதிந்து பதினொரு நாளாகிறதே.”

“இல்லை. என் சம்மதம் இல்லாமல் எப்படி?”

“உங்கள் சம்மதமும் இருக்கிறது. கைத்தொலைபேசியில் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்.”

சுஜிந்தனுக்கு மெதுவாக ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபம் பற்றிக் கெனடி அண்ணையோடு அவன் வீட்டுத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, மேனுஜா அவனுடைய கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து, “என்னப்பா, இதை ஒருக்கா இழுத்து விடுங்கோ” என்றாள். சம்மதம் கேட்ட திரையை வாசிக்காமல், கதையையும் நிறுத்தாமல், அவன் விரலால் இழுத்துவிட்டான்.

“உங்கள் மனைவி பிள்ளையோடு நேரில் வந்து பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார். நல்ல பெண். இரண்டு பேரும் கோப்பி குடித்தோம். உங்களைப் பற்றி நிறையச் சொன்னார்,” என்றாள் பிர்கிட். “நீங்கள் தகப்பன். கேட்டால் இந்தத் திரையைத் திருப்பிக் காட்ட வேண்டியது என் கடமை. கேட்கிறீர்களா?”

பேர் அரை முழத் தூரத்தில் இருந்தது. சுஜிந்தன் கழுத்தை நீட்டினான். பிறகு, திரும்பிப் போகும் வழியில் பவளராணி அக்காவின் வீடு இருப்பதை நினைத்தான். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு முழு நாள் இருப்பதை நினைத்தான். தன்னைப் பற்றி அவனுக்கு அவ்வளவு தெளிவாக ஒருநாளும் தெரிந்ததில்லை.

“வேண்டாம்,” என்றான். “காட்டாதீர்கள்.”

எழும்பிக் கதவு வரைக்கும் போனான். அங்கிருந்து திரும்பி, “அப்படியென்றால் நீவ்?” என்று கேட்டான்.

பிர்கிட் கணினியிலிருந்து நிமிர்ந்தாள்.

“அது உங்கள் மகளுக்கு வைத்த பேர் இல்லையாம். உங்களிடம் சொல்வதற்கென்று வைத்த பேராம்.”